துயிலாத கண்கள்

(பி.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு மாணவி)



பசித்தால் சோறு கேட்கிறோம். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கிறோம். உறக்கம் வரவில்லை என்றால் யாரிடம் போய் எதைக் கேட்பது? கேட்டால் கிடைக்கும் விடைகள் நாம் அறிந்தவையே. "செல்போனைக் கீழே வை." "கவலையை விடு." "உடம்பு வளைந்து வேலை செய்கிறவனுக்குப் படுத்தவுடன் தூக்கம் வரும்." இந்த மூன்றாவது விடையைச் சொல்பவர்களை ஒருமுறை எங்கள் தெருவுக்கு அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறேன். காலை ஐந்து மணிக்குத் தறிக்குழியில் இறங்கி, இரவு எட்டு மணிவரை கால் மிதித்து, கை ஓயாமல் நாடா எறிந்துவிட்டு, விடியும்வரை கண் மூடாமல் கிடக்கும் ஒருவரை அவர்களுக்குக் காட்டுவேன். அவர் என் தந்தை.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது என்பதில் நம் வட்டாரத்தார் அனைவருக்கும் பெருமை உண்டு. கர்நாடகத்திலிருந்து பட்டு நூலும் சூரத்திலிருந்து ஜரிகையும் வந்து, ஆரணியிலும் சேவூரிலும் முள்ளிப்பட்டிலும் ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் சேலையாகி, எங்கோ ஒரு மணப்பெண்ணின் தோளில் ஏறுகின்றன. அந்தச் சேலை பிறக்கும் வீட்டை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வீடு நீளமான ஒரே கூடம். அதில் பாதியைத் தறி எடுத்துக்கொள்கிறது. மீதிப் பாதியில்தான் அம்மா தார் சுற்றுவதும், சமையலும், என் படிப்பும், ஐந்து பேரின் படுக்கையும். பின்தெருவில் விசைத்தறிகள் ஓடுகின்றன. "அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறாய்?" என்று வெளியூர்த் தோழிகள் கேட்பார்கள். உண்மையில் அந்தச் சத்தம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. மின்சாரம் நின்று அது திடீரென அடங்கும்போதுதான் திடுக்கிட்டு விழிப்போம்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. திருமணங்கள் நின்றன. நூல் வரத்து நின்றது. முதலாளி பாவு கொடுப்பது நின்றது. எங்கள் தெருவில் அத்தனை தறிகளும் ஒரே வாரத்தில் ஊமையாயின. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கடன் கணக்குப் பார்க்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். பகலில் வேலை இல்லாததால் மதியம் சற்றுக் கண் அயர்வார்; இரவில் விழித்திருப்பார். அந்த நிலையில் யாராயிருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

பிறகு தறி ஓடத் தொடங்கியது. வாங்கிய கடன் 2022-ஆம் ஆண்டில் வட்டியோடு அடைந்தது. ஆனால் போன உறக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. காரணம் தீர்ந்த பிறகும் நோய் நிற்கிறது என்றால், நாம் காரணம் என்று நினைத்தது முழுக் காரணமாக இருக்க முடியாது அல்லவா? இந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. அதற்குள் அந்த நோய் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

என் கதை உங்களில் பலரின் கதைதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். "எங்க வூட்டு முதல் பட்டதாரி" என்று என் ஆயா தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லும். இன்னும் பட்டம் வாங்கவில்லை, ஆயா, என்றால் அதன் காதில் ஏறாது. முதல் பருவத் தேர்வில் துணைப்பாடமான வேதியியலில் எனக்கு அரியர் விழுந்தது. அரியர் என்றால் என்ன, அது எவ்வளவு பெரிய விபத்து, எவ்வளவு சிறிய விபத்து என்று சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை. படித்த வீட்டுப் பிள்ளைக்கு ஓர் அண்ணனோ அத்தையோ "இதெல்லாம் சகஜம், அடுத்த முறை எழுது" என்று சொல்லியிருப்பார்கள். நான் எவரிடமும் சொல்லாமல் மறைத்தேன். பாயில் படுத்தவுடன் அந்த ஒரு தாள் கண்முன் வந்து நிற்கும். ஒன்பதரைக்குப் படுத்தால் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணி அடிக்கும். காலை ஏழு மணிக்குச் செய்யாறு பேருந்தைப் பிடிக்க ஐந்தரைக்கு எழ வேண்டுமே என்ற நினைப்பு வந்தால், இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய்விடும்.

அந்தக் கூடத்தில் ஓர் ஓரத்தில் அப்பா, இன்னோர் ஓரத்தில் நான். இருவருமே விழித்திருக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியாது. அவர் எழுந்தால் நான் விழித்துக்கொள்வேன் என்று அவர் அசையாமல் கிடந்தார். நான் அசைந்தால் அவர் கவலைப்படுவார் என்று நான் கட்டை போலக் கிடந்தேன். ஒருநாள் இரவு எனக்கு இருமல் வந்துவிட்டது. "நீயும் தூங்கலியாம்மா?" என்றார் அப்பா, இருட்டிலிருந்து. எத்தனை மாதங்கள் இப்படி நடித்தோமோ!

பழந்தமிழர் இந்த நிலையை அறியாதவர்கள் அல்லர். குறுந்தொகையில் பதுமனார் பாடிய தலைவி, நள்ளிரவில் உலகமே உறங்கத் தான் ஒருத்தி மட்டும் விழித்திருப்பதைச் சொல்கிறாள். நம் தமிழாசிரியர்கள் அதைக் காதலின் துயரமாக விளக்குவார்கள், அது சரிதான். எனக்கோ அந்தப் பாட்டில் காதலைக் காட்டிலும், "எல்லாரும் தூங்குகிறார்களே" என்ற அந்தக் கோபம்தான் உண்மையாகப் படுகிறது. உறங்காதவர்க்கு உறங்குகிறவர்மேல் வருகிற கோபம், அனுபவித்தவர்க்கே புரியும்.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். உறக்கத்தை நடத்துபவை இரண்டு என்று 1982-இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் எடுத்துரைத்தார். ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க மூளையில் சேரும் உறக்கப் பசி. அடினோசின் என்னும் வேதிப்பொருள் மூளையில் சேர்வது இதற்கு ஒரு காரணம். நாம் குடிக்கும் தேநீரிலும் காபியிலும் உள்ள காஃபின், அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த தேநீர் இரவு பதினொரு மணிக்கும் பாதி நம்மோடு இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டாவது, உடலுக்குள்ளேயே ஓடும் ஒரு கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்துக்கு மேலே, ஒரு சிறு செல் தொகுப்பு அதை நடத்துகிறது. காலை வெளிச்சம் அதைத் திருத்தி வைக்கிறது. பழ ஈயில் இந்தக் கடிகாரத்தின் மரபணுவை ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஆய்வகத்தில் வாழைப்பழம் வைத்து நாம் வளர்க்கும் அதே பழ ஈதான்!

வெளிச்சமே இல்லாத இடத்தில் இந்தக் கடிகாரம் என்ன செய்யும்? 1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் கைக்கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியே இருந்தார். செப்டம்பர் 14-ஆம் நாள் அவரை வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20-தான். ஆனாலும் அவர் உடல் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை உறங்கி விழித்துக்கொண்டுதான் இருந்தது.

இதற்காக ஆல்ப்ஸ் மலைவரை போக வேண்டியதில்லை. இந்தத் துறையில் உலகறிந்த ஒரு பெயர் நம் தமிழகத்திலேயே உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த எம். கே. சந்திரசேகரன் (1937-2009). சூரிய ஒளியும் கடிகாரமும் எட்டாத அறை அமைத்து, அதில் மனிதரைத் தங்கவைத்து அவர்களின் உறக்கத்தையும் விழிப்பையும் ஆராய்ந்தவர். நம் பாடப்புத்தகத்தில் அவர் பெயரை நான் காணவில்லை என்பது என் வருத்தம். அவரும் மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் சேர்ந்து 1981-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் மனத்தை விட்டு அகலவில்லை. இருண்ட குகையில் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் கூட்டமாக வாழ்கின்றன. அந்தக் குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். அதற்குச் சூரியன் தெரியாது. ஆனால் மாலையில் கூட்டம் பறந்து வெளியேறுவதும் பின்னர் திரும்புவதும் அதற்குத் தெரியும். அந்தக் கூண்டு வௌவாலின் கடிகாரம் கூட்டத்தின் நேரத்தோடு ஒத்து ஓடியது. வேறு வௌவால்களே இல்லாத குகையில் தனித்து அடைத்தபோதோ, அதன் கடிகாரம் தன்போக்கில் விலகி ஓடத் தொடங்கியது.

இதைப் படித்த அன்று நான் பேருந்தில் வெகுநேரம் யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் தெருவில் ஐந்து மணிக்கு முதல் தறிச் சத்தம் கேட்கும். விடியற்காலைக் குளிரில் தெருவில் பாவு நீட்டுகிறவர்களின் குரல் கேட்கும். ஊரடங்கில் அவை அத்தனையும் ஒரேயடியாக நின்றன. சூரியன் வழக்கம்போல் உதித்தது. ஆனால் தறிக்குழி இருட்டில் வாழ்கிற மனிதருக்குச் சூரியனைவிடத் தெருதானே கடிகாரம்? அப்பா அந்தத் தனித்த வௌவாலாகப் போனார் என்று எனக்குத் தோன்றியது. இது என் ஊகமே, ஆய்வு இல்லை. விலங்கியல் படிக்கிறவளுக்கு இப்படித் தோன்றுவது இயல்புதானே!

சரி, தெரு திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் உறக்கம் ஏன் வரவில்லை? இதற்கு எனக்குக் கிடைத்த சிறந்த விளக்கம் ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் கூறியது. ஒருவரின் உறக்கத்தைக் கெடுப்பவை மூன்று வகை. இயல்பிலேயே சிலருக்கு உறக்கம் மெலிதாக இருக்கிறது. அதன்மேல் ஒரு துன்பம் வந்து விழுந்து உறக்கத்தைக் கலைக்கிறது. மூன்றாவதுதான் முக்கியமானது: போன உறக்கத்தைப் பிடிக்க நாம் செய்கிற காரியங்களே உறக்கமின்மையை நிலைக்கச் செய்கின்றன! முன்னதாகவே போய்ப் படுப்பது, விடிந்த பிறகும் புரண்டுகொண்டிருப்பது, மதியம் ஈடு கட்டுவது, மணிக்கொருமுறை கடிகாரத்தைப் பார்ப்பது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். பாவ்லோவின் நாயை நாம் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே அறிவோம். மணியோசைக்கு அதற்கு எச்சில் ஊறியது. பாயில் படுத்துக்கொண்டே நூறு இரவுகள் கவலைப்பட்டவருக்கு, பாயைக் கண்டாலே விழிப்பு ஊறுகிறது. உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும் என் அப்பாவுக்குப் பாயில் தலை வைத்ததும் தெளிந்துவிடுகிறதே, அதன் மர்மம் இதுதான்.

என் கருத்தின் மையம் இதுவே. உறக்கமின்மை ஒரு கட்டத்துக்கு மேல் கவலையின் நிழலாக இருப்பதில்லை. உடல் கற்றுக்கொண்ட ஒரு பழக்கமாகிவிடுகிறது. ஆகவே "கவலையை விடு" என்ற அறிவுரை காலம் கடந்தது. "சீக்கிரம் படு" என்ற அறிவுரையோ கேடு செய்வது. கற்றுக்கொண்டதை மறக்கச் செய்யும் வழிதான் வேண்டும். அப்படி ஒரு வழி இருக்கிறது. நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர்களின் பெரிய சங்கம் ஒன்று 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்கள் தொடர்ந்தால் அதை நாள்பட்டது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் ஒருநாள் துணிந்து சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. "விலங்கியல் மாணவி நீ, முதலில் உற்றுநோக்கல் பதிவு செய்" என்றார். பழைய பதிவேட்டில் மீதமிருந்த பக்கங்களில் கோடு போட்டேன். படுத்த நேரம், உறங்கியிருக்கக் கூடிய நேரம், இடையில் விழித்தது, எழுந்தது. பதினான்கு நாட்கள் எழுதினேன். பாயில் கிடந்தது நாளுக்கு எட்டு மணி நேரம். உறங்கியது சராசரி ஐந்து மணி பத்து நிமிடம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் நான் பாயில் கிடந்து விழித்திருக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன்!

ஸ்பீல்மேன் சொன்ன வழி கடுமையானது. எவ்வளவு உறங்குகிறாயோ அவ்வளவு நேரமே படுக்கையில் இரு. ஐந்து மணிக்குக் கீழே மட்டும் குறைக்காதே. எழும் நேரத்தை ஒருநாளும் மாற்றாதே. நான் பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவது என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைதான். முதல் வாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதே நல்லது. பேருந்தில் உட்கார்ந்தால் உறங்கிவிடுவேன், பகல் உறக்கம் கூடாது என்பதால் காலி இருக்கை இருக்கும்போதே நின்றுகொண்டு வருவேன். "சீட்டு இருக்குதே, ஏம்மா நிக்கிற?" என்று நடத்துநர் கேட்டார். எனக்கு என்ன விடை சொல்வதென்று தெரியவில்லை.

இன்னொரு விதி, ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-இல் வகுத்தது. இருபது நிமிடம் போல ஆகியும் உறக்கம் வரவில்லையென்றால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போ. உறக்கம் வந்தால் திரும்பி வா. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு அறையா? இந்தப் புத்தகங்களை எழுதுகிறவர்களின் வீடுகளில் எத்தனை அறைகளோ! எங்களுக்கு இருப்பது கூடமும் திண்ணையும். நள்ளிரவு ஒரு மணிக்கு இருபது வயதுப் பெண் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், மறுநாள் தெருவே உறங்காது. கடைசியில் விடையை என் ஆயாதான் அறியாமல் சொன்னது. காலையில் பாயைச் சுருட்டாமல் வைத்தால் அதற்குக் கோபம் வரும்: "தூங்கறவங்களுக்குத்தான் பாய், தூங்காத பாய விரிச்சு வைக்காத." நான் எழுந்து பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, தறிக்குப் பக்கத்தில் சிறு விளக்கின் கீழ் உட்காருவேன். தலை சாய்ந்தால் பாயை விரிப்பேன். கட்டில் போட்டவர்களுக்குக் கிடைக்காத வசதி இது: எங்கள் படுக்கையைச் சுருட்டி மறைத்துவிடலாம்.

நான்காவது வாரத்தில் படுத்த இருபது நிமிடத்துக்குள் உறங்கினேன். அதன்பின் வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் படுத்து, இப்போது பத்தே முக்காலுக்கு வந்திருக்கிறேன். தேர்வு வந்தால் இரண்டு நாள் கெடுகிறது, பிறகு சரியாகிறது. முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன். வலிப்பு நோய் உள்ளவர்களும், மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய் உள்ளவர்களும், லாரி முதலிய வாகனங்கள் ஓட்டுகிறவர்களும் இப்படி உறக்கத்தைக் குறைக்கும் வழியை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அப்பாவின் கதை இவ்வளவு எளிதில் முடியவில்லை. அவர் எங்களுக்குத் தெரியாமல் ஒரு மருந்துக் கடையில் உறக்க மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் சீட்டு எதுவும் இல்லை. அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம் போன்றவை 2014 மார்ச் முதல் 'எச்1' அட்டவணையில் உள்ள மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. யாருக்கு விற்றது என்று தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டம் அப்படி. காகிதத்தில் சுற்றித் தந்த மாத்திரைக்கு எந்தப் பதிவேடு? முதலில் அரை மாத்திரை போதுமானதாக இருந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்றரை. கையில் பணமில்லாத நாளில் நிறுத்தினால், மாத்திரையே போடாத காலத்தைவிட மோசமாக விழித்திருப்பார், கை நடுங்கும். ஒருநாள் காலை மயக்கம் தெளியாமலே தறிக்குழியில் இறங்கியவர் கால் தவறிச் சாய்ந்தார். மணிக்கட்டு பிசகியது. கை பட்டுப் பாவில் ஒரு பக்கம் இழைகள் அறுந்தன. அறுந்த ஒவ்வோர் இழையையும் எடுத்து முடிச்சுப் போட அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றரை நாள் ஆயிற்று. அந்தச் சேலையில் கூலி பிடித்தார்கள்.

அதன் பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு வந்தார். இம்மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து, வலிப்புகூட வரலாம் என்று மருத்துவர் சொல்லி, வாரக் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார். என் பதிவேட்டு முறையை அப்பா ஏற்கவில்லை. "எழுதி வெச்சா தூக்கம் வருமா?" என்பார். ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். இரவு இரண்டு மணிக்குப் பார்க்கிற கணக்கை மாலை ஏழு மணிக்கு என்னோடு உட்கார்ந்து காகிதத்தில் பார்ப்பது. பழைய கடன் போனாலும் கைமாற்றுகள் சில உண்டு. மனத்தில் அவர் வைத்திருந்த தொகையைவிட உண்மைத் தொகை குறைவாகவே இருந்தது. இரவில் கூட்டினால் எந்தக் கணக்கும் அதிகமாகத்தான் வரும் போலும்! காலையில் தறியில் இறங்குமுன் ஆற்றுப் பக்கம் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடந்து வருகிறார். இப்போது நான்கு மணி நேரம், சில நாள் ஐந்து மணி நேரம் உறங்குகிறார்.

உடற்காரணங்களையும் மறக்கக்கூடாது. குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும், தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்கிறவர்களுக்கும் மருத்துவம் வேறு. முக்கியமாகத் தோழியருக்கு ஒரு சொல்: இரவு படுத்தால் கால்களில் ஒருவகைக் குடைச்சல், ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் சுகம் என்ற நிலை இரும்புச்சத்துக் குறைவால் வருவதுண்டு. நம்மில் எத்தனை பேர் காலை உணவு இல்லாமல் பேருந்து ஏறுகிறோம்! புதுமைப் பெண் திட்டத்தில் வருகிற 1000 ரூபாயில் ஒரு பங்காவது நம் வயிற்றுக்கும் போகட்டும், இரத்தத்தைச் சோதித்துக்கொள்வோம்.

இப்போது ஆசிரியப் பெருமக்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். விழாக்களில் நீங்கள் "இரவு பகல் உறங்காமல் படித்து முதலிடம் பெற்றவர்" என்று புகழ்கிறீர்கள். அதைக் கேட்டு விடுதியில் போட்டி நடக்கிறது. "நான் மூன்று மணிக்குப் படுத்தேன்", "நான் படுக்கவே இல்லை" என்பதே அங்கே பெருமை. 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் செய்த ஆய்வு உங்களில் பலர் அறிந்ததே. இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, சில மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள். மனப்பாடம் செய்தபின் விழித்திருந்த வேளைகளைவிட, உறங்கிய வேளைகளில் நினைவில் நின்றது அதிகம். இரண்டே பேர் மீது செய்த சிறு ஆய்வுதான். ஆயினும் உறக்கம் நினைவை நிலைநிறுத்துகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் உறுதி செய்திருக்கின்றன. என் வேதியியல் தாளுக்கு முந்திய இரவு நான் ஒரு நிமிடம்கூட உறங்கவில்லை. அடுத்த முறை அதே தாளுக்கு ஐந்து மணி நேரம் உறங்கிவிட்டுப் போனேன், 54 மதிப்பெண். பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் தேர்ச்சி.

நம் கல்லூரி மருத்துவ முகாமில் கண்ணையும் பல்லையும் பார்க்கிறார்கள், இரத்த வகையைக் குறித்துக்கொள்கிறார்கள். "இரவில் உறங்குகிறாயா?" என்ற ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் கருவி வேண்டாம், செலவும் இல்லை. முதலாண்டு மாணவர்களுக்கு, சிறப்பாக வீட்டில் கேட்க ஆளில்லாதவர்களுக்கு, அரியர் என்றால் என்ன, மறுதேர்வு எப்படி, கட்டணம் எவ்வளவு என்று தொடக்கத்திலேயே ஒரு மணி நேரம் விளக்கிச் சொன்னால், சில இரவுகளையாவது மீட்கலாம். துன்பம் அதற்கு மேல் போனால், உயிரே பாரமாகத் தோன்றினால், 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நானும் ஒருநாள் இரவு அதற்குப் பேசியிருக்கிறேன்.

பதிவேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றை எங்கள் துறை வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். வேண்டியவர்கள் பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளலாம். பதினான்கு நாட்கள் எழுதியவர்கள் விரும்பினால் பெயர் குறிப்பிடாமல் அதை ஆய்வகப் பெட்டியில் போடலாம். இருபது பேருடையது சேர்ந்தால், அடுத்த ஆண்டு மலரில் நம் கல்லூரியின் உறக்கக் கணக்கை எழுதுவேன்.